அரைக்கும் கல்லும் அரைபடும் கல்லும்

புதிதாகப் பொளிந்த அம்மியில் வன்னியின் ஸ்கந்தபுரத்து வீடுகளில் யாரும் உடனே சம்பல் அரைப்பதில்லை. முதலில் கல்லைக் கழுவி, ஒரு பிடி தவிட்டைப் போட்டு நன்றாக அரைத்து வழித்து எறிவார்கள். பிறகு இன்னொரு பிடி. விரலால் தடவிப் பார்த்து, நெருநெருப்பு அடங்கிய பிறகுதான் மிளகாயும் தேங்காய்ப்பூவும் கல்லில் ஏறும். உளி பட்ட இடத்தில் கல் இளகி நிற்கிறது. அந்தக் குறுணி சம்பலில் விழுந்தால் பல்லில் கடிபடும். மற்றதை அரைக்கிற கல் தன்னையும் கொஞ்சம் அரைத்துக் கொடுத்துவிடும் என்பது அக்கராயன் பக்கத்துக் கிழவிகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

நவீன செராமிக் தொழிலின் முந்நூறு ஆண்டு வரலாற்றில் பாதி இந்தச் சங்கதியோடு நடந்த போராட்டம்தான். கார் எஞ்சினின் தீப்பொறிச் செருகி, கைபேசிக்குள் இருக்கும் மின்தேக்கி, பல் வைத்தியர் பொருத்தும் வெள்ளைக் கவசம், செயற்கை இடுப்பு மூட்டின் உருண்டை எல்லாமே மிக நுண்ணிய, மிகத் தூய தூளாகத் தொடங்கி உலையில் இறுகியவை. தூளை நுண்மையாக்க வேண்டுமானால் நெடுநேரம் அரைக்க வேண்டும். நெடுநேரம் அரைத்தால் ஆலை தேய்ந்து அதன் துகள் தூளில் கலக்கும். நுண்மையைத் தேடிப் போனால் தூய்மை போகிறது. தூய்மையைக் காக்க நினைத்தால் நுண்மை கிடைப்பதில்லை.

இத்தொடரின் சென்ற பகுதி ஆனையிறவு உப்பளத்தையும், அந்த உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் பற்றியது. இந்தப் பகுதி வன்னியின் மறுகரைக்கு, கிழக்குக் கடலோரத்துக்குப் போகிறது. பரந்தனுக்கும் அந்தக் கரைக்கும் உள்ள உறவு முதற்பார்வையில் தெரியாது. அதைக் காண ஜெர்மனியையும் இங்கிலாந்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

கொக்கிளாய்க் கடல்நீரேரிக்குத் தெற்கே, முல்லைத்தீவு மாவட்டம் முடிந்து திருகோணமலை மாவட்டம் தொடங்கும் இடத்தில் இருக்கிறது புல்மோட்டை. அங்கே கடற்கரை மணல் கறுப்பு. வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு அதில் நடக்க முடியாது. உள்நாட்டுப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உக்கி உதிர்த்த மணிகளை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்தன. வாடைக் காலத்து அலைகள் அவற்றைத் தரம் பிரித்தன. சாதாரண வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. கறுப்பு இல்மனைற்றின் அடர்த்தி 4.7 அளவு, சிர்கோனுடையது 4.6 அளவு. திரும்பும் அலை இலேசானதை இழுத்துக்கொண்டு போக, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. இப்படித் தங்கிய புல்மோட்டை மணலில் பெரும்பகுதி இல்மனைற்; ரூட்டைலும் சிர்கோனும் நூற்றுக்கு எட்டுப் பத்து என்ற கணக்கில் கூடவே கிடக்கின்றன. உலகத்தில் இவ்வளவு செறிவான கடற்கரை மணல் அரிது.

இதைப் பிரித்தெடுக்கவென்று 1957இல் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது. பிரிக்கும் முறையில் அரைப்பு எதுவும் கிடையாது. காந்தத்தின் அருகே ஓடவிட்டால் இல்மனைற் ஒதுங்கும். மீதியை உயர் மின்னழுத்தம் ஏற்றிய உருளை மேல் விட்டால், மின்சாரம் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கம் துள்ளி விழும்; கடத்தாத சிர்கோன் உருளையில் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் போகும். அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒரே கறுப்பாக வந்த மணல் மூன்று நிறக் குவியல்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் குவியல்கள் மூட்டையாகவும் மொத்தமாகவும் கப்பலேறின. மணலாகவே போயின என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிர்கோனுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு புல்மோட்டைக்கு வெகுகாலம் முந்தியது. 1789இல் பெர்லின் வேதியியலாளர் மார்ட்டின் ஹைன்ரிஷ் கிளாப்ரோத் இலங்கையிலிருந்து போன ஒரு சிர்கோன் கல்லை உடைத்துப் பகுத்துப் பார்த்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு மண்வகை அதில் இருந்தது. சிர்கோனியம் என்ற தனிமம் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அக்காலத்தில் நிறமற்ற சிர்கோன் கற்களுக்கு 'மாத்தறை வைரம்' என்று வணிகப் பெயர் இருந்தது, ஏமாற்றவும் பயன்பட்டது. கிளாப்ரோத் கண்ட மண்வகை, இன்று சிர்கோனியா என்று அழைக்கப்படும் சிர்கோனியம் ஒட்சைட். சிர்கோன் மணலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுவே, மீதி சிலிக்கா.

அடுத்த பெயர் தமிழருக்கு நெருக்கமானது. கலை வரலாற்று அறிஞராக உலகம் கொண்டாடும் ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்து குமாரசுவாமியின் மகன், முதலில் புவியியலாளர். 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவின் முதல் பணிப்பாளரானார். அவர் லண்டனுக்கு ஆய்வுக்கு அனுப்பிய கனமான கறுப்புக் கனசதுரங்களிலிருந்து 1904இல் தோரியனைற் என்ற புதிய கனிமம் அடையாளம் காணப்பட்டது. அதன் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட். பெற்றோமாக்ஸ் விளக்கின் மென்டில் வெளிச்சம் கொடுத்தது அந்த ஒட்சைட்டால்தான். அதே காலத்தில், 1909இல், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் கொண்ட மொனசைற்றைக் கண்டு, அது வந்த வழியைத் தேடிக் கன்னியாகுமரிக்கு அருகே மணவாளக்குறிச்சிக் கரைக்கு வந்து சேர்ந்தார். கடலின் இருபுறத்துத் தோரியக் கனிமங்களும் ஒரே தலைமுறையில் உலகச் சந்தைக்கு வந்தன.

மணல் கிடைத்துவிட்டது. அதைத் தூளாக்குவது வேறு கதை. அது தொடங்கும் இடம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர் ஊர்கள்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள குயவர்கள் சீனப் பீங்கானைப் போல வெள்ளைப் பாண்டம் செய்யத் துடித்தார்கள். சிக்கிமுக்கிக் கல்லைச் சுட்டு, இடித்துத் தூளாக்கிக் களிமண்ணில் சேர்த்தால் பாண்டம் வெளுத்து உறுதியாகும் என்று கண்டுகொண்டார்கள். ஆனால் உலர்ந்த கல்லை இடித்தவர்கள் சில ஆண்டுகளில் மூச்சு முட்டிச் செத்தார்கள். 1726இல் தோமஸ் பென்சன் என்பவர் கல்லைத் தண்ணீருக்குள் அரைக்கும் ஆலைக்குக் காப்புரிமை பெற்றார். தூசி அடங்கியது. அவர் பயன்படுத்தியது இரும்புக் குண்டுகளையும் இரும்புத் தொட்டியையும். இரும்பு தேய்ந்து தூளில் கலந்து, உலையில் துருவாகி, வெள்ளைப் பாண்டத்தில் பழுப்புப் புள்ளிகளாக எழுந்தது. 1732இல் அவரே மறுபடி காப்புரிமை எடுத்தார். இம்முறை இரும்புக்குப் பதில் கல். பின்னாளில் கால்வாய்கள் வெட்டிப் புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரிண்ட்லி இளமையில் கட்டியது இத்தகைய ஆலைகளையே. ஆலையின் அடித்தளத்துக்கும் கல்லைத் தேர்ந்தெடுத்துத்தான் போட்டார்கள். சுண்ணாம்புக் கல் கலந்தால் கலவையின் குணம் கெடும். சிக்கிமுக்கியின் இனமான கடுங்கல் தேய்ந்தால் கேடில்லை, சிக்கிமுக்கியோடு சிக்கிமுக்கிதான் சேரும்.

அரைபடும் பொருளாலேயே அரைக்கும் கருவியையும் செய்துவிடு என்ற எண்ணம் இங்கே முளைத்தது. இன்றைய ஆய்வுகூடம் வரை அந்த எண்ணம் மாறவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலையின் உருவம் மாறியது. படுத்த நிலையில் சுழலும் பீப்பாய்; உள்ளே பாதி அளவுக்குக் கூழாங்கற்கள் அல்லது குண்டுகள்; இடைவெளிகளில் அரைபடும் பொருளும் தண்ணீரும். தொழிலாளர் வாயில் இது 'போல் மில்'. பிரான்சினதும் டென்மார்க்கினதும் கடற்கரைகளில் அலை உருட்டிய சிக்கிமுக்கிக் கூழாங்கற்கள் இதற்காகவே பொறுக்கி விற்கப்பட்டன. பீப்பாயின் உட்சுவருக்குப் பீங்கான் ஓடு பதித்தார்கள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இயங்கத் தொடங்கியபோது அங்கும் இதே இயந்திரம்தான், பூதாகாரமான அளவில், எஃகுக் குண்டுகளோடு. சீமெந்தில் இரும்பு ஒட்சைட் இயல்பாகவே இருக்கிறது. குண்டு தேய்ந்தால் யாருக்கும் கவலையில்லை. வெள்ளைப் பீங்கானுக்கும் அலுமினாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது.

பீப்பாய் சுழலும் வேகத்தில் ஒரு நுட்பம் உண்டு. மெதுவாகச் சுற்றினால் குண்டுகள் அடியில் சோம்பிக் கிடந்து வழுக்கும். வேகம் ஏறினால் சுவரோடு மேலேறி, உச்சிக்குச் சற்றுக் கீழே பிடி விட்டு, மற்றக் குண்டுகள் மேல் சரிந்து விழும். அந்த விழுதலிலும் உருளலிலும்தான் அரைபடுதல் நடக்கிறது. இன்னும் ஏறினால் குண்டுகள் சுவரிலேயே ஒட்டிச் சுழலும், அரைபடுதல் நின்றுவிடும். அந்த எல்லை வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது: 42.3ஐ, மீற்றரில் எடுத்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீற்றர் விட்டமுள்ள பீப்பாய்க்கு நிமிடத்துக்கு 42 சுற்றுச் சொச்சம். ஓட்டுவது அதில் மூன்றில் இரண்டு முதல் நாலில் மூன்று வரை, அதாவது 28 முதல் 32 சுற்று. அனுபவப்பட்ட ஆலைக்காரர் சுற்றை எண்ணுவதில்லை, காது கொடுக்கிறார். குண்டுகள் சரியாகச் சரியும்போது இடைவிடாத ஓர் இரைச்சல் கேட்கும். சத்தம் திடீரெனக் குறைந்தால் ஏதோ பிழை.

20ஆம் நூற்றாண்டு வந்தபோது பாண்டத்தின் வெண்மை பழைய கவலையாகிவிட்டது. விமான எஞ்சின்களின் தீப்பொறிச் செருகிகள் சாதாரணப் பீங்கானில் தாக்குப்பிடிக்கவில்லை. 1930களில் அலுமினா அந்த இடத்துக்கு வந்தது. அலுமினாவுக்கு மூலம் பொக்சைட். அதிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் வழியைக் கார்ல் யோசெப் பாயர் 1888இல் வகுத்திருந்தார். அந்த வழியில் கோஸ்டிக் சோடா வேண்டும், ஆகவே அலுமினாவில் கொஞ்சம் சோடியம் எஞ்சும். அந்தச் சோடியம் சூட்டில் மின்காப்பைக் கெடுக்கும். சிக்கிமுக்கிக் கூழாங்கல்லால் அரைத்தால் சிலிக்கா சேரும். அது மணிகளுக்கு இடையே கண்ணாடிப் படலமாக உருகி, உயர் வெப்பத்தில் பொருளைத் தளர்த்தும். ஆகவே அலுமினாவாலேயே குண்டு, அலுமினாவாலேயே உட்சுவர். பென்சனின் பாடம் புதிய பொருளில் திரும்பவும் எழுதப்பட்டது.

தூய்மை என்ன சாதித்தது என்பதற்கு நம் ஊர் மஞ்சள் தெருவிளக்கு நல்ல சாட்சி. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் ரொபர்ட் கோபிள் என்பவர், தூய அலுமினாத் தூளில் மிகச் சிறிதளவு மக்னீசியா சேர்த்துச் சுட்டால் உள்ளே காற்றுத் துளைகளே எஞ்சாமல் ஒளி ஊடுருவும் செராமிக் கிடைக்கும் என்று காட்டினார். உயர் அழுத்தச் சோடியம் விளக்கின் உள்குழாய் அதனால் ஆனது. கொதிக்கும் சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியைத் தின்றுவிடும், சிலிக்காவையும் விடாது. தூய அலுமினா மட்டும் அசையாமல் நிற்கும். அந்தத் தூளில் சேரும் ஒவ்வொரு சிட்டிகை சிலிக்காவும் விளக்கின் ஆயுளிலிருந்து கழியும்.

இங்கே கணக்கொன்று போட்டுப் பார்ப்பது நல்லது. 99.99 வீதத் தூய்மை என்று விலைச்சீட்டில் எழுதியிருந்தால், 10 கிலோ தூளில் அன்னியப் பொருள் எல்லாம் சேர்ந்து 1 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த 10 கிலோவை அரைக்கும்போது ஆலையின் குண்டுகள் எல்லாம் சேர்ந்து வெறும் 5 கிராம் தேய்ந்தால் போதும், அனுமதிக்கப்பட்ட அழுக்கைப் போல ஐந்து மடங்கு உள்ளே வந்துவிட்டது. ஐம்பது கிலோ குண்டில் 5 கிராம் குறைந்ததைச் சாதாரணத் தராசு காட்டவே காட்டாது.

நுண்மையின் கணக்கு இதைவிட மலைப்பானது. ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை ஒரு மைக்ரோன் கனசதுரங்களாக உடைத்தால் நூறு கோடித் துண்டுகள் வரும். மேற்பரப்பு ஆயிரம் மடங்கு கூடும். உலையில் தூள் இறுகுவதற்கு உந்துதல் கொடுப்பது இந்த மேற்பரப்புத்தான். பருந்தூளை எவ்வளவு சுட்டாலும் இடையில் துளைகள் எஞ்சும். நுண்தூள் குறைந்த வெப்பத்திலேயே கெட்டியாக இறுகும். ஆனால் மைக்ரோனுக்குக் கீழே போனதும் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஆலை உடைக்க உடைக்க அவை மறுபடி கூடிக்கொள்ளும். இதற்கு மருந்து அரைக்கும் நீரிலேயே இருக்கிறது: அமில, காரத் தன்மையைச் சரிசெய்து, துகள்களுக்கு ஒரே வகை மின்னேற்றம் கொடுக்கும் பொருளைச் சில துளி விட்டால், அசையாமல் கிடந்த பசை ஊற்றக்கூடிய குழம்பாகிவிடும். செராமிக் ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வியந்து பார்க்கும் காட்சி இது.

சுழலும் பீப்பாயின் வலு ஓரிரு மைக்ரோனோடு தீர்ந்துவிடுகிறது. குண்டின் எடையும் அது விழும் உயரமும்தான் அதன் முழுப் பலம். இதைத் தாண்ட வழி பிறந்தது றப்பர்த் தொழிலில். றப்பரைப் பதப்படுத்தும் கந்தகத்தை மிக நுண்மையாக்க வேண்டியிருந்த அன்ட்ரூ செக்வாரி 1922இல் பாத்திரத்தை அசையாமல் நிறுத்தி, உள்ளே துடுப்புகளால் குண்டுகளைக் கலக்கினார். ஈர்ப்புவிசைக்கு வேலையில்லை; மோட்டாரின் பலம் நேரே குண்டுகளுக்குப் போயிற்று. அதன் வழிவந்த மணி ஆலைகளில் குண்டுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. ஆரம்பத்தில் இயற்கை மணலே அரைக்கும் மணியாக இருந்தது, பிறகு கண்ணாடி மணி. இப்போது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள மணிகளும் வழக்கத்தில் உள்ளன. மணி சிறுத்தால் ஒரு கரண்டி மணியில் மோதல்களின் எண்ணிக்கை பெருகும். துகளுக்கு ஏற்ற அளவில் அடி விழும். கூடவே தேய்மானமும் பெருகும். மணிக்கு வேண்டிய குணங்கள் மூன்று: கனம், கடினம், உடையாமை. எஃகு கனமானது, ஆனால் இரும்பு. அலுமினா கடினமானது, ஆனால் அடர்த்தி 3.9தான். கண்ணாடி இரண்டுமில்லை.

விடை கிளாப்ரோத் கண்ட மண்ணில் இருந்தது. சிர்கோனியாவின் அடர்த்தி 6. ஆனால் தூய சிர்கோனியாவால் ஒரு கோப்பைகூடச் செய்ய முடியாது. சூட்டில் ஒரு படிக அமைப்பில் இருக்கும். ஆறி ஏறத்தாழ 1,000 பாகைக்குக் கீழே இறங்கும்போது வேறு அமைப்புக்கு மாறி, நாலைந்து வீதம் வீங்கித் தானே வெடித்துப் பொடியாகும். இட்ரியா, மக்னீசியா, சுண்ணாம்பு போன்றவற்றைச் சேர்த்து அதைக் கட்டிப்போடலாம். 1975இல் அவுஸ்திரேலியாவின் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ ஆகிய மூவர் இந்தக் குறையையே பலமாக்கிக் காட்டினார்கள். முழுதாகக் கட்டாமல் பாதியில் விட்டால், விரிசல் ஒன்று ஓடிவரும்போது அதன் முனையில் உள்ள மணிகள் மட்டும் அமைப்பு மாறி வீங்கி, விரிசலின் வாயை நெருக்கி மூடிவிடும். விரிசலை எதிர்த்து நிற்பதில் இது எஃகின் குணத்தை ஒத்திருந்தது. பின்னர் வந்த இட்ரியா சேர்ந்த சிர்கோனியாவில் இது நடக்க மணிகள் அரை மைக்ரோன் அளவுக்குள் இருக்கவேண்டும். அப்படியானால் தொடக்கத் தூள் அதைவிட நுண்மையாக இருக்கவேண்டும். நன்றாக அரைத்த சிர்கோனியாத் தூளால் செய்த மணியே நன்றாக அரைக்கும். அந்த மணி அரைத்த தூளால் அதைவிட நல்ல மணி பிறக்கும். சிர்கோனியாவைச் சிர்கோனியாவால் அரைத்தால் தேய்மானம் அழுக்காகாது.

மற்றத் தூள்களுக்கு அந்த வசதி இல்லை. கைபேசியின் மின்தேக்கிகளுக்கு வேண்டிய பேரியம் டைட்டனேற்றைச் சிர்கோனியா மணிகளால் அரைக்கும்போது, கலக்கும் சிர்கோனியத்தை அளந்து கணக்கில் கொள்கிறார்கள். வேறு சில இடங்களில் நைலோன், பொலியூரிதேன் உட்சுவர்கள். தேய்ந்து கலந்தாலும் உலையில் எரிந்து போய்விடும். சிலிக்கன் கார்பைடு போன்ற கடினப் பொருள்களை எஃகால் அரைத்துவிட்டு, கலந்த இரும்பை அமிலத்தில் கரைத்துக் கழுவுவதும் உண்டு.

பென்சனை உந்திய தூசிப் பிரச்சினையும் தீர்ந்துபோன ஒன்றல்ல. ஒரு மைக்ரோன் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் அசையாத காற்றில் ஆளின் நெஞ்சுயரத்திலிருந்து தரைக்கு இறங்க நாலைந்து மணி நேரம் எடுக்கும். ஆலை நின்று, ஆட்கள் சாப்பிட்டுத் திரும்பி வரும்போதும் அது மிதந்துகொண்டுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பாகிறது. அந்தச் சிலிக்கோசிஸ் நோய்க்குத் திரும்பும் வழியில்லை. இந்தியாவின் கல் அரைவைக் கூடங்களிலும் சிலேற்றுப் பென்சில் பட்டறைகளிலும் எத்தனையோ இளம் உயிர்களை அது வாங்கியிருக்கிறது. தூள் தொழிலைப் பற்றிப் பேசும் எவரும் ஈர அரைப்பையும் காற்று உறிஞ்சியையும் செலவுக் கணக்கில் கடைசி வரியாக வைக்கக்கூடாது.

இனி வன்னிக்குத் திரும்பலாம். சிர்கோன் மணலிலிருந்து சிர்கோனியா எடுப்பது எப்படி? சிலிக்காவும் சிர்கோனியாவும் அதில் இறுகப் பிணைந்திருக்கின்றன. சாதாரண அமிலம் எதுவும் தொடாது. வேதி முறையில் முக்கியமான வழிகள் இரண்டு. ஒன்று, மணலைக் கோஸ்டிக் சோடாவோடு சேர்த்து உருக்குவது. மற்றது, கரியோடு சேர்த்துச் சூடாக்கிக் குளோரின் வாயுவைச் செலுத்துவது. கோஸ்டிக் சோடாவும் குளோரினும் பரந்தன் தொழிற்சாலையின் இரண்டு பிரதான உற்பத்திகள். 1956இல் பரந்தனில் கூட்டுத்தாபனம். 1957இல் புல்மோட்டையில் கூட்டுத்தாபனம். ஒன்றிடம் பூட்டு, மற்றதிடம் சாவி. இடையில் ஒட்டுசுட்டானில் களிமண் ஓட்டுத் தொழிற்சாலையும் இருந்தது. உலைச் சூட்டோடு பழகிய கைகளும் வன்னியில் இருந்தன. இவை மூன்றும் சேர்ந்து ஒரு சிர்கோனியா ஆலை இங்கே எழவில்லை.

எழுந்திருந்தால் அதைக் காலம் விட்டுவைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. போரில் பரந்தனில் உற்பத்தி நின்றது; கட்டடங்கள் எலும்புக்கூடாகின. இன்று அந்த நிறுவனத்தின் வேலை, குடிநீர்ச் சுத்திகரிப்புக்கான குளோரினை வெளிநாட்டிலிருந்து வாங்கி வழங்குவது. ஒட்டுசுட்டானில் ஓடு சுடுவது நின்றுபோனது. 1996இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபோது ஸ்கந்தபுரமும் மல்லாவியும் ஒரே நாளில் கடைவீதிகளாகி, அகதிகளாலும் அலுவலகங்களாலும் நிறைந்தன. 1997 செப்டம்பரில் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்ற வந்திருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டது, மாலுமிகள் சிலர் உயிரிழந்தார்கள்.

கடலுக்கு அப்பால் இதே சேர்க்கை நடந்தேறியது என்பதால்தான் வன்னியின் இழப்பு உறைக்கிறது. தூத்துக்குடி உப்பை நம்பி 1950களின் இறுதியில் சாகுபுரத்தில் கோஸ்டிக் சோடா ஆலை வந்தது. அது பிறகு இல்மனைற்றையும் கையில் எடுத்து, செயற்கை ரூட்டைல் செய்யத் தொடங்கியது. 1950இல் உருவான இந்திய அருமண் நிறுவனம் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் மணல் பிரித்தது. சவறாவில் சிர்கோனை 45 மைக்ரோனுக்குக் கீழும், அதற்கும் அப்பால் ஒன்று முதல் மூன்று மைக்ரோன் வரையும் அரைத்து விற்றது. தரை ஓட்டின் மேற்பூச்சுக்கு வெண்மை கொடுப்பது அந்தத் தூளே. 2009இல், முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த அதே ஆண்டில், தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயலில் இந்திய அணு எரிபொருள் வளாகத்தின் சிர்கோனியம் பிரிவு இயங்கத் தொடங்கியது. அங்கே சிர்கோன் மணல் கோஸ்டிக் சோடாவில் உருகுகிறது, நைத்திரிக் அமிலத்தில் கரைகிறது, உடன்பிறப்பான ஹாஃப்னியத்தை விட்டுப் பிரிகிறது, தூய ஒட்சைட்டாகிறது. அந்த ஒட்சைட் பிறகு குளோரினைச் சந்தித்து உலோகமாகும் பாதையில் போகிறது. அணு உலைக் குழாய்களுக்கான உலோகம் அது. செராமிக் சிர்கோனியாவில் சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனமும் கால் பதித்தது. 1954இல் தொடங்கிய அந்த முருகப்பா குழும நிறுவனம் 2008இல் தென்னாபிரிக்கச் சிர்கோனியா ஆலையொன்றில் பெரும்பங்கை வாங்கியது.

போருக்குப் பிறகு மணல் அகழ்வு புல்மோட்டையிலிருந்து வடக்கே கொக்கிளாய்ப் பக்கமும் நீண்டது. தங்கள் உறுதிக் காணிகள் போகின்றன என்று அங்குள்ள மக்கள் எதிர்த்து நின்றார்கள். அவர்கள் கேட்பது நியாயம்: மண்ணும் கரைவலைப்பாடும் போவதற்கு ஊருக்குக் கிடைப்பது என்ன? மணலை மணலாகவே ஏற்றி அனுப்பும்வரை அதற்கு நல்ல பதில் கிடையாது. தொன் கணக்கில் போகும் சிர்கோன், கிராம் கணக்கில் விலை சொல்லும் பல் கவசமாகவும் அரைவை மணியாகவும் திரும்பி வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒரு மணி ஆலையும் ஒரு சிறு உலையும் துகள் அளவு பார்க்கும் கருவியும் வைத்து, கொக்கிளாய் மணலை அரைத்துச் சுட்டுப் பார்க்க அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுப்பது பெருஞ்செலவான காரியமல்ல. எந்த மணி எவ்வளவு தேய்கிறது, அழுக்கு எவ்வளவு சேர்கிறது என்று அளக்கத் தெரிந்த பத்துப் பேர் உருவானாலே, மணலை விற்க வருபவரோடும் வாங்க வருபவரோடும் பேசும் பேச்சு மாறும்.

இதே கேள்வி இப்போது மேற்குக் கரையில் இன்னும் சூடாக எழுந்திருக்கிறது. அங்கே இல்மனைற்றைத் தேடி வெளிநாட்டு நிறுவனமொன்று துளையிட்டுப் பார்த்ததும், தீவு கடலுக்குள் அமிழ்ந்துவிடும் என்று மக்கள் தெருவுக்கு வந்ததும் மன்னார்த் தீவின் கதை. அடுத்த பகுதி அங்கிருந்து தொடங்கும்.